உதட்டில் ஒட்டும் பக்கம்

பிப்ரவரி 9

குட்டிக்கு அக்கா எழுதுவது.

நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? உன் வீட்டுக்காரருக்கு இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். பதில் எழுதும்போது நீ இதைத்தான் முதலில் கேட்பாய், அதனால் இப்போதே எழுதிவிட்டேன்.

உன் அத்தான் போய் இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். முன்னறையில் ஸ்டூடியோ அப்படியே இருக்கிறது. படம் எடுக்க உட்காரும் ஸ்டூலைத் துடைக்கிறேன். துடைத்ததை மறுபடி துடைக்கிறேன். பின்னால் தொங்கும் நீலத் திரையைத் துவைத்துப் போட்டேன். யாருக்காக என்று கேட்காதே. கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம். கல்லூரிக்கு இது நூறாவது வருடம். ஊரின் பழைய வீடுகளையும் தெருக்களையும் படமாக வைத்துக் கண்காட்சி போடப் போகிறார்கள். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், வீட்டு வரிக்காக ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் படம் எடுக்கும் வேலையை நகராட்சி அத்தானுக்குக் கொடுத்ததே, நினைவிருக்கிறதா? நீ அப்போது எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். அந்த பிலிம் எல்லாம் நம்மிடம்தான் இருக்கிறது. அதில் நாற்பதைப் பொறுக்கி கல்லூரிக்காரர்கள் பிரிண்ட் கேட்டிருந்தார்கள். படுக்கையில் விழுவதற்கு முன்பே அத்தான் நாற்பதையும் முடித்துவிட்டார். பின்பக்கம் அவர் ரப்பர் சீல் குத்தி நேற்று நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சரித்திரப் பேராசிரியர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்த வயசுல இவ்ளோ சுத்தமா போட்டிருக்காரேம்மா! கண்ணுன்னா இதுதான் கண்ணு" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் படிக்க வைக்காதவர்களைக் கோபித்துக்கொள். பெண்ணுக்கு என் முத்தம்.

அக்கா

பிப்ரவரி 24

அன்பான அக்காவுக்குத் தங்கையின் வணக்கம்.

உன் கடிதத்தை இவரிடமும் படித்துக் காட்டினேன். இருமல் குறைந்திருக்கிறது. என் முட்டி அப்படியேதான். நீ ஒற்றை ஆளாக அந்த வீட்டில் இருப்பதுதான் எனக்கு வலி.

நல்ல செய்தி சொல்கிறேன். இவருக்கு இங்கே கல்லூரிகளின் தலைமை அலுவலகத்தில் நிலப் பிரிவு கொடுத்திருக்கிறார்கள். உன் ஊர்க் கல்லூரியின் கோப்புகள் எல்லாம் இனி இவர் மேசைக்குத்தான் வரும். அத்தான் படங்களைப் பெரிய அதிகாரிகளே பார்த்து அசந்துபோனார்களாம். கண்காட்சி முடிந்ததும் ஒரு நிரந்தரக் கூடம் கட்டி அத்தான் பெயரை வைக்கலாம் என்று பேச்சு. உயிரோடு இருந்தபோது ஒரு மாலை போடாத ஊர், பார்த்தாயா!

அதற்காக அந்த பிலிம் பெட்டியையும் கேட்கிறார்கள். உன் வீட்டில் கரையான், ஈரம். இங்கே பூட்டிய அறை இருக்கிறது. அடுத்த வாரம் கல்லூரி ஜீப் வரும், கொடுத்தனுப்பு. இவர் சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

போன் செய்ய வேண்டாம் அக்கா. போன் இவர் அறையில் இருக்கிறது. நாம் பேசுவது எல்லாம் காதில் விழும். எழுது.

குட்டி

மார்ச் 16

குட்டிக்கு.

நலம்தான். நீ எழுதியபடி பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். டிரைவரிடம் சாய்க்காமல் கொண்டுபோகச் சொன்னேன். "என்னம்மா, உள்ள பச்சைக் குழந்தையா இருக்கு?" என்றான். "குழந்தை இருந்தா உன்கிட்டயா குடுப்பேன்?" என்றேன்.

பெட்டி போன நாலாம் நாள் எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் வந்தது. பதினாறு வீட்டுக் கதவிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்தத் தெரு மொத்தமும் கல்லூரி இடமாம். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம்.

உனக்குத் தெரு மறந்திருக்கும். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இடது கையில் எட்டு வீடு, வலது கையில் எட்டு வீடு. முன்பெல்லாம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஓட்டு வீடுகள். இப்போது ஆளுக்கொரு மாடி எழுப்பி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கின்றன. இடது வரிசைக்குப் பின்னால் கல்லூரி. தெரு முனையில் ஓர் எல்லைக் கல் இருந்தது. கல்லிலிருந்து கல்லூரிப் பக்கம் இருப்பதெல்லாம் கல்லூரிக்குச் சொந்தம் என்று பத்திரத்தில் இருக்கிறது. அந்தக் கல் இடது வரிசைக்கும் அப்பால், கல்லூரியை ஒட்டி இருந்தது என்று நாங்கள் சொல்கிறோம். வலது வரிசைக்கும் அப்பால் இருந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் இரண்டு வரிசையும் போயிற்று. கல்லை ரோடு அகலப்படுத்தும்போதே பிடுங்கிவிட்டார்கள். நகராட்சியின் பழைய வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது யார் வாய் பெரிதோ அவர்களுக்குத்தான் கல்.

நேற்று எல்லோரும் என் முன்னறையில்தான் கூடினார்கள். எதிர் வீட்டுத் தையற்காரி அழுதாள். சைக்கிள் கடைக்காரர் கோபத்தில் எழுந்து நடந்து நடந்து என் தரையைத் தேய்த்தார். பழைய தபால்காரர் இருக்கிறாரே, எதையும் நாலு வார்த்தைக்குள் சொல்வதால் தந்தி என்று பெயர் எடுத்தவர், அவர் "கேஸ் போடுவோம். பயப்படாதீங்க" என்றார். அப்புறம் எண்ணிப் பார்த்தேன். மூன்றே வார்த்தை.

உன் வீட்டுக்காரர் நிலப் பிரிவில்தானே இருக்கிறார்? இது என்ன என்று கேட்டு எழுது.

அக்கா

ஏப்ரல் 2

அன்பான அக்காவுக்கு.

எல்லோரும் சுகம். பெண்ணுக்குப் பரீட்சை முடிந்தது.

நோட்டீஸ் விஷயம் இவருக்குத் தெரியும். நீ கலங்க வேண்டியதே இல்லை. உன் வீட்டை மட்டும் இடிக்க மாட்டார்கள். தனிக் கூடம் கட்டுவதைவிட அத்தான் வாழ்ந்த வீட்டையே காட்சி வீடாக ஆக்கிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. வாசலில் அத்தான் பெயர்ப் பலகை. உள்ளே அவர் கேமரா, அவர் படங்கள். உன் காலம் உள்ளவரை நீ பின்கட்டில் இருந்துகொள்ளலாம். எழுத்தில் தருவார்கள்.

அந்தக் கூட்டங்களில் நீ போய் உட்காராதே அக்கா. அவர்கள் வழக்கு அவர்களுக்கு. உன்னை நடுவில் இழுத்துவிடுவார்கள்.

குட்டி

ஏப்ரல் 23

குட்டிக்கு.

உடம்பு பரவாயில்லை. கொஞ்சம் படபடப்பு இருக்கிறது, வெயிலாக இருக்கும்.

நில அதிகாரி முன்னால் முதல் விசாரணை நடந்தது. நீ போகாதே என்றாய். தெரு முழுக்கப் போகும்போது நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? போனேன்.

கல்லூரி வக்கீல் ஒரு படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். அத்தான் எடுத்த நம் தெரு. பெரிய ரோட்டிலிருந்து உள்ளே பார்த்தபடி. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். சைக்கிள் கடைக்காரரின் அப்பா நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கல்லும் இருக்கிறது. வலது வரிசைக்கும் அப்பால்.

"இது நாங்க எடுத்த படம் இல்ல. அவங்க தெருவிலேயே வாழ்ந்து செத்த போட்டோக்காரர் எடுத்து, அவர் கையாலேயே பிரிண்ட் போட்டு, அவர் சீல் வெச்ச படம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் வக்கீல்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, "இந்தப் படத்து மேல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார்.

ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, குட்டி. சைக்கிள் கடைக்காரர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். தையற்காரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலை 9-ஆம் தேதி கடைசி விசாரணை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் அந்தப் படத்தில் வேறு ஒன்றைப் பார்த்தேன். சைக்கிள் பிடித்து நிற்பவரின் சட்டைப் பாக்கெட் வலது மார்பில் இருக்கிறது.

குட்டி, அந்த ஒரு பிலிமை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பு. உறையில் 31 என்று எழுதியிருக்கும். வேறு எதற்கும் இல்லை. பார்க்க வேண்டும்.

அக்கா

மே 27

அன்பான அக்காவுக்கு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பெண்ணுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. பையன் இஞ்சினியர், ஒரே பிள்ளை. பையனின் பெரியப்பாதான் இவருடைய மேலதிகாரி. அவர்களே வந்து கேட்டார்கள், நம்புவாயா? வீட்டுக்கு வெள்ளையடித்தோம். திரைச்சீலை மாற்றினோம். உன் பெண்ணாக இருந்தால் நீ எப்படி ஓடியாடிச் செய்வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

படபடப்புக்கு டாக்டரிடம் காட்டு. வெயிலில் அலையாதே. உன் வீட்டுக்கு எழுத்து தயாராகிவிட்டது, அடுத்த மாதம் வந்துவிடும்.

குட்டி

ஜூன் 3

குட்டிக்கு.

பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது கேட்டுச் சந்தோஷம். மனசாரச் சொல்கிறேன். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

வெள்ளையடித்ததை எழுதினாய், திரைச்சீலையை எழுதினாய். பிலிமைப் பற்றி ஒரு வரி இல்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. உன்னிடம் சொல்கிறேன். ஆறு வருடமாக அத்தானுக்குக் கண் தெரியாது. முதலில் ஓரம் போயிற்று, பிறகு நடுவும் போயிற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். "வெளிய மூச்சு விடாதே. கண்ணு தெரியாத போட்டோக்காரன் முன்னால எவன் வந்து உட்காருவான்?" என்றார் அத்தான். நானும் விடவில்லை. உன்னிடம்கூட. நீ வந்தபோதெல்லாம் அவர் கையில் பேப்பரைக் கொடுத்து உட்கார வைத்தது நான்தான்.

ஸ்டூல் நகராமல் தரையில் திருகி வைத்தோம். கேமராவுக்கும் அப்படியே. வருகிறவர்களை உட்கார வைத்து, கேமராவின் கண்ணாடியைத் திருப்பி எல்லாம் சரி செய்துவிட்டு நான் இருட்டறைக்குள் போய்விடுவேன். அவர் "சிரிங்க" என்று சொல்லி அழுத்துவார். கழுவுவது, பிரிண்ட் போடுவது, காய வைப்பது எல்லாம் நான். அவர் சீலை வைத்ததும் நான்.

இருட்டறையில் அவருக்கென்று ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. பிலிமில் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மருந்து. மருந்துப் பக்கம் காகிதத்தைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. அவர் பிலிமின் மூலையை ஈர உதட்டில் வைப்பார். மருந்துப் பக்கம் என்றால் லேசாக ஒட்டும். ஒட்டினால் "ம்" என்று அதைக் கீழே திருப்பி என் கையில் தருவார். நான் பார்த்தாலே தெரியும்தான். ஆனால் அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அந்த "ம்" வந்தால்தான் எனக்கும் அடுத்த வேலை ஓடும்.

கல்லூரிக்கு இருபத்தொன்பது படம் அப்படித்தான் போட்டோம். முப்பதாவதுக்கு முன்னால் படுத்துவிட்டார். உனக்கு எழுதியது பொய். பாக்கிப் பதினொன்றை அவர் போன ஒன்பதாம் நாள் நான் தனியாகப் போட்டேன். இருட்டில் கையை நீட்டினேன். யாரும் ஒன்றும் தரவில்லை. நானே எடுத்து வைத்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவே தோன்றவில்லை, குட்டி. அது அவர் வேலை. மூன்று படங்களில் கடைப் பலகை எழுத்து திரும்பி நின்றதால் கண்டுபிடித்து மறுபடி போட்டேன். நம் தெருப் படத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

கல் இடது பக்கம்தான் இருந்தது. அதை வலது பக்கம் கொண்டுபோய் வைத்தது நான்.

பிலிமை அனுப்பு.

அக்கா

ஜூன் 16

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். ஆறு வருடமாக என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாய். கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆனால் இப்போதும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். நீ போய் அங்கே எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அத்தான் குருடர், ஆறு வருடமாக ஊரை ஏமாற்றினார் என்று ஆகும். பலகை வைக்கப்போகிற பெயரில் சேற்றைப் பூசுவாய். "ஆறு வருஷம் பொய் சொன்னவ இப்ப மட்டும் நெஜம் சொல்றாளா?" என்று அந்த வக்கீல் உன்னைக் கிழித்துவிடுவார். அந்தக் கோப்பைத் தயார் செய்தது இவர். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் இவர். கேள்வி வந்தால் முதலில் இவர் கழுத்துக்குத்தான் வரும். சம்பந்தம் பேசியிருக்கிற நேரம், அக்கா.

பெட்டியைக் கேட்டேன். அலுவலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லையாம்.

மாத்திரை சாப்பிடுகிறாயா?

குட்டி

ஜூன் 22

குட்டிக்கு.

மாத்திரை சாப்பிடுகிறேன்.

நீ எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நாலு தடவை படித்தேன். வக்கீலுக்குக்கூட நான் பயப்படவில்லை. நாளைக்கு இந்தத் தெருவில் ஒரு பொடிசு "குருட்டு போட்டோக்காரர் வீடு" என்று கையைக் காட்டினால் அதை நான் எப்படித் தாங்குவேன்? அவர் இங்கே தலை நிமிர்ந்து நடந்தவர். என் தோளைப் பிடித்து நடந்தால் தெரிந்துவிடும் என்று, நான் முன்னால் வளையலைக் குலுக்கிக்கொண்டு போவேன். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நிமிர்ந்து வருவார்.

தையற்காரி தினமும் ஒரு வாய் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள். வீடு போகிறதே என்ற பேச்சையே என் முன்னால் எடுப்பதில்லை. "சாப்பிட்டீங்களாக்கா?" அவ்வளவுதான் கேட்கிறாள். கேட்டுவிட்டுப் போகும்போது அவள் முதுகைத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று அவள் மாடியில் தையல் மிஷினைக் கழற்றி மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. நான் பேசாமல் இருந்தால் அந்த இடித்த வீடுகளுக்கு நடுவில் நம் வீடு மட்டும் பலகையோடு நிற்கும். அதன் பின்கட்டில் நான் இருப்பேன்.

என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் உனக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அக்கா

ஜூலை 2

அக்கா,

பெட்டி அலுவலகத்தில் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மார்ச் மாதமே இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளையடிக்கும்போது நான்தான் அதை இறக்கித் துடைத்து ஏற்றினேன். உனக்கு எழுதியபோதெல்லாம் எனக்குத் தெரியும்.

31 என்ற உறையை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டில் வைத்தேன். ஒட்டியது. பயந்துபோய்த் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

என்னால் அனுப்ப முடியாது. இவரோடுதான் நான் வாழ வேண்டும்.

இதற்கு பதில் போடாதே.

ஜூலை 13

குட்டிக்கு அக்கா எழுதுவது.

பதில் போடாதே என்றாய். போடுகிறேன். உன் வீட்டுக்காரர் படித்தாலும் படிக்கட்டும். நீயும் பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். என் படபடப்பு நின்றுவிட்டது.

ஒன்பதாம் தேதி காலையில் அலுவலக வாசல்வரைக்கும் நான் பேசப்போவதில்லை என்றுதான் இருந்தேன். உள்ளே அந்தப் பெரிய படம் அதே சுவரில் சாய்ந்திருந்தது. அதிகாரி மறுபடி கேட்டார். "கடைசியா கேக்கறேன். ஆட்சேபணை உண்டா?" தையற்காரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கைமேல் கை வைத்தாள். பேசு என்று அழுத்தவில்லை. சும்மா வைத்தாள். எழுந்துவிட்டேன்.

"அது தப்பான பிரிண்ட் சார். இடம் வலமா மாறியிருக்கு. போட்டது அவர் இல்ல, நான்" என்றேன்.

வக்கீல் சிரித்தார். "பின்னால அவர் சீல் இருக்கேம்மா?"

"சீல் வெச்சதும் நான்தான்."

"அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"அவர் செத்து ஒன்பது நாள் ஆகியிருந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடம், உதடு, பதினொன்று. நீ எழுதியதையே அந்த வக்கீல் அட்சரம் பிசகாமல் கேட்டார். "ஆறு வருஷம் ஊரை ஏமாத்தினவங்க, இன்னைக்குச் சொல்றதை மட்டும் நாங்க எப்படி நம்பறது?"

அப்போது சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். "சார், அந்த அம்மாவை நம்ப வேண்டாம். சைக்கிளை நம்புங்க. வெளிய நிறுத்தியிருக்கற எந்தச் சைக்கிளை வேணும்னாலும் பாருங்க. செயின் ஓட்டறவனுக்கு வலது பக்கம்தான் இருக்கும். படத்துல எங்கப்பா புடிச்சிருக்கற சைக்கிளுக்கு இடது பக்கம் இருக்கு. அப்படி ஒரு சைக்கிளை இந்த உலகத்துல எவனும் செய்யல." அதிகாரி எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். பிறகு வாசலுக்குப் போய் காவலாளியின் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். உள்ளே வந்தார். மறுபடி வெளியே போய்ப் பார்த்தார். வக்கீலும் கூடப் போனார்.

மூல பிலிமை மூன்று வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும், கொண்டுவராவிட்டால் இந்தப் படம் சாட்சியாகாது, படம் இல்லாமல் இந்த நோட்டீஸ் நிற்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிலிம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். கல்லூரி ஜீப்பில் கொடுத்தேன், அதோடு எனக்குத் தெரியாது என்றேன். அது வந்தாலும் தெரு பிழைத்தது, வராவிட்டாலும் பிழைத்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை. உன் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பது அவர் பாடு. நீ அதில் கை வைக்காதே.

பலகை வராது என்று அன்றைக்கே பேராசிரியர் வந்து சொல்லிவிட்டார். "நீங்க போட்டதுன்னு தெரிஞ்சிருந்தா வேற மாதிரி பாராட்டியிருப்பேனேம்மா" என்றார். நல்ல மனுஷர். பாவம், எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் சைக்கிள் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "முதல் விசாரணையிலேயே செயினைப் பார்த்துட்டீங்க, இல்ல?"

"செயினைப் பார்க்காம பின்ன எதைப் பார்ப்பேன்? அதைத்தானே சோறா திங்கறேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா 'பிரிண்ட் போட்டது யாரு'ம்பாங்க. 'ஏன் தப்பாச்சு'ம்பாங்க. அது உங்க வீட்டு விஷயம். நாங்க எப்படி எடுத்துப் பேசறது?" அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னைக்கும் நீங்க எழுந்திருக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன்க்கா. வீடு போறவரைக்கும் பொறுத்துக்கற அளவுக்கு நான் நல்லவன் இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க வீட்டு விஷயம்னா? உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். தந்திதான் பேசினார். "தெருவுக்கே தெரியும். ஆறு வருஷமா."

நான் தையற்காரியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

"நீங்க சரி பண்ணிட்டு உள்ள போயிடுவீங்க. அவர் 'சிரிங்க'ம்பார். சிரிச்சா அவருக்கு எப்படித் தெரியும்? அதான் எல்லாரும் வாயால சொல்லிடுவோம், 'சிரிச்சாச்சு சார்'னு. அப்பதான் அழுத்துவார். புதுசா யாராவது வந்தா வாசல்லயே சொல்லி அனுப்புவோம். ஒரு தடவை நான் சொல்ல மறந்துட்டேன். அவரே, 'என்னம்மா, இன்னைக்குச் சிரிப்பு எனக்குக் கேக்கலையே?'ன்னாரு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது, குட்டி. அவர்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தச் "சிரிச்சாச்சு சார்" ஒரு நாளைக்கு நாலு தடவையாவது என் காதில் விழும். இருட்டறைக்குள் நின்றுகொண்டு, இந்தத் தெரு ஜனங்களுக்கு விளையாட்டுப் புத்தி போகவே போகாது என்று ஆறு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

முட்டியைப் பார்த்துக்கொள். முடிந்தபோது வா.

அக்கா